கழிமுகக் கணக்கு – 14: இரண்டு முறை தரைதட்டிய கிராம்ஷி

போன வாரம் ரிசர்வ் வங்கி வாசலில் நிறுத்தியிருந்தோம். நினைவில்லாதவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள், எனக்கு இங்கே இடம் போதாது. வங்கிகள் பருவநிலை ஆபத்தை எப்படிக் கணக்கெழுதுகின்றன என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் ஒரு கப்பல் வந்து மாட்டிக்கொண்டது.

கப்பலின் பெயர் அந்தோனியோ கிராம்ஷி. முசோலினியின் சிறையில் உட்கார்ந்து குறிப்பேடுகள் எழுதினாரே, அவர் பெயர்தான். மூலக்கொத்தளம் டீக்கடையில் இதைச் சொன்னதும் ஹார்பரில் சங்க வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "தோழர் பேர்ல எண்ணெய்க் கப்பலா?" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். சோவியத் டேங்கர் அது. 1979 பிப்ரவரியில் லாட்வியாவின் வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்துக்கு வெளியே தரைதட்டி, சுமார் 5,500 டன் கச்சா எண்ணெயைப் பால்டிக் கடலில் கொட்டியது. பனிக்கட்டிகளோடு எண்ணெய் மிதந்துபோய் ஸ்வீடன் கரையிலும் ஒதுங்கியது.

இனிமேல்தான் விஷயம். கடலுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கணக்கிட சோவியத் அரசு ஒரு சூத்திரம் வைத்திருந்தது. எத்தனை கன மீட்டர் நீர் கெட்டதோ, அதைக் கன மீட்டருக்கு 2 ரூபிள் என்று பெருக்க வேண்டியது. அவ்வளவுதான்! ரீகா நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் கப்பல்காரர் தரவேண்டிய தொகைக்குச் சர்வதேச ஒப்பந்தப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு எவ்வளவு மீன் செத்தது என்று பார்த்து வருவதில்லை, கப்பல் எத்தனை டன் என்று பார்த்து வருகிறது. அந்தச் சின்னப் பானையில் பெரிய பங்கை 2 ரூபிள் சூத்திரம் அள்ளிக்கொள்ள, ஸ்வீடன்காரர்கள் கரையைச் சுத்தம் செய்த பில்லுக்கு மிஞ்சியது கொஞ்சம். மீதியை 1978இல்தான் பிறந்திருந்த சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதியம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. நிதியத்துக்கு அதுதான் முதல் கேஸ். சூடுபட்ட நிதியம் 1980இல் ஒரு தீர்மானம் போட்டது: ஏட்டு மாதிரிகளை வைத்துப் போடும் அருவக் கணக்குக்கு இழப்பீடு கிடையாது.

1987இல் அதே கப்பல் பின்லாந்துக் கரையருகே மறுபடி தரைதட்டியது. மறுபடி எண்ணெய், மறுபடி அதே சூத்திரம்!

அந்தத் தீர்மானத்தின் வாசனை இன்றும் ஒப்பந்தங்களில் அடிக்கிறது. மீனவரின் வருமான இழப்பு கேட்கலாம், சுத்தம் செய்த செலவு கேட்கலாம், சூழலைச் சீராக்கும் நியாயமான செலவும் கேட்கலாம். அலையாத்தி மரம் பட்டுப்போனதற்கு மட்டும் தனியாக விலை கிடையாது. 2 ரூபிள் சூத்திரம் சோம்பேறித்தனமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக, பில் இல்லாத உயிர்களுக்கு மதிப்பே இல்லை என்பதும் வியாபாரிகளுக்கு வசதியான நியாயம்தான்.

அறிவியலைப் பணம் ஒதுக்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 1967இல் டோரி கேன்யன் டேங்கர் இங்கிலாந்துக் கரையில் உடைந்த மறு வருடமே டேங்கர் முதலாளிகள் லண்டனில் ஐடாப்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அங்கே கடலுயிரியலும் வேதியியலும் படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். உலகில் எங்கே எண்ணெய் கொட்டினாலும் கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுக் கிளப்புகளின் அழைப்பில் விமானம் ஏறிவிடுவார்கள். விஞ்ஞானிகளையும் நிதித்துறையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது எப்படி என்று மாநாடு போடுகிறவர்கள் கவனிக்க: மேசை ஐம்பது வருடங்களுக்கு மேலாகக் கிடக்கிறது. அதில் நம் பக்கத்து நாற்காலிதான் காலி.

எண்ணூருக்கு வருவோம். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிவே இல்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் மனிதர்கள் வரிசையாக நின்று தார்போல் கெட்டிப்பட்ட எண்ணெயைப் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு கணக்கு கிட்டத்தட்ட 196 டன்னில் போய் நின்றது. கொட்டியது எவ்வளவு என்பதற்கே இந்தப் பாடு. கொட்டுவதற்கு முந்தின நாள் கழிமுகத்தில் எவ்வளவு இறால் இருந்தது என்று யாரிடம் கேட்பது?

அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் உண்டு. பிடித்ததை அன்றைக்கே விற்றுவிடுவார்கள். எந்த ரசீதும் கிடையாது. லண்டன் ஆள் வந்து "போன மாத வருமானத்துக்கு ஆதாரம்?" என்று கேட்டால் பறியைத்தான் காட்ட வேண்டும். பள்ளிக்கரணையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் வாராவாரம் பிடிபடுவதைக் குப்பத்து ஆட்களே குறித்துவைத்து, விஞ்ஞானிகள் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால், காப்பீட்டுக்காரர் தட்டிக்கழிக்க முடியாத ஆதாரம் அதுதான். ஒரு கப்பலின் ஒரு நாள் வாடகைகூட அதற்கு ஆகாது என்பது என் ஊகம்.

அப்படி எதுவும் கையில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. அரசு அறிவித்த நிவாரணம்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8.68 கோடி. வலை வைத்திருப்பவருக்கும் பறி வைத்திருப்பவருக்கும் இழப்பு ஒன்றா? எண்ணிவைக்காத இடத்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தமுறை எண்ணெய் வந்தது கப்பலிலிருந்து இல்லை என்பதால் அந்தச் சர்வதேச நிதியத்தின் கதவைத் தட்டவும் வழியில்லை. தரையில் நடக்கும் விபத்துக்கு நம்மிடம் 1991இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான பொருட்களைக் கையாளும் ஆலைகள் பிரீமியத்துக்குச் சமமான தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்ட வேண்டும். அந்த நிதியை 2008இன் திட்டப்படி கையில் வைத்திருந்தது யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ். தலைமையகம் இதே சென்னையில், ஒயிட்ஸ் சாலையில். அங்கே சேர்ந்த பணத்தின் கதை அடுத்த வாரம். ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு வாரம் வாசலில் காத்திருக்கட்டும்.

(தொடரும்)