பம்பரில் ஒடுக்கு, வீட்டில் வெடித்தது சண்டை!

சென்னை நகரில் சில வீடுகள் இருக்கின்றன. அங்கே வேட்டியில் காபி கொட்டினால் புருஷன் ஒன்றும் சொல்ல மாட்டார். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் வாய் திறக்க மாட்டார். ஆனால் ஷெட்டில் நிற்கும் பழைய காரில் ஒரே ஒரு கீறல் விழட்டும். மனுஷன் ருத்ர தாண்டவம் ஆடிவிடுவார்!

ஆண்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா ஆசையாய் வைத்திருந்த வண்டியைப் புருஷன் எங்கேயோ கொண்டுபோய் இடித்துவிட்டார் என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனைவிமார்களும் உண்டு.

அப்படி என்ன வண்டி அது?

நம் ஊரில் பெரும்பாலும் மூன்றுதான். ஒன்று, அம்பாசிடர். 1950-களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் பிறந்து, 2014-ம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. இரண்டாவது, பம்பாயில் செய்த பியட். 1970-களில் "பிரிமியர் பத்மினி" என்று பெயர் மாறியது. மூன்றாவது நம்ம ஊர்ப் பிள்ளை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 1961 முதல் சென்னையிலேயே செய்த கார். ஓட்டுகிற நிலையில் இருக்கும் ஹெரால்டை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஹெரால்டின் முன்பக்கம் இருக்கிறதே, அது தனி ரகம். பானட்டும் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடி. முதலை வாயைத் திறந்த மாதிரி முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். என்ஜின் வேலை பார்க்க ரொம்ப வசதி. ஆனால் முன்மூலையில் லேசாக இடித்தாலும் மொத்த மூடியும் கோணிக்கொள்ளும். பிறகு அது சரியாகப் பொருந்தி உட்காருவதற்குள் டிங்கருக்கே வியர்த்துவிடும். ஹெரால்டு வீட்டில் சண்டை பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பிரேக் பிடிக்கலைங்க!"

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு?

புருஷனுக்குக் காய்ச்சல். வெளியே மழை. டியூஷனுக்குப் போன பிள்ளையை அழைத்து வரவேண்டும். ஆட்டோ கிடைக்கவில்லை. மனைவி துணிந்து பத்மினியின் சாவியை எடுக்கிறார். அவர் ஓட்டக் கற்றது மாருதியில். இதிலோ கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்ப தோள் வலிக்கிறது. இருந்தாலும் சமாளித்து தி.நகர் போய்விட்டார். திரும்பும்போது துரைசாமி சப்வேயில் தண்ணீர். அதையும் தாண்டி வந்துவிட்டார். வீட்டு கேட்டுக்குள் திருப்பி பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவில்லை. கேட் தூணில் "டமார்"!

"ஏண்டி, கண்ணு தெரியலையா? எங்கப்பா முப்பது வருஷம் ஓட்டினாரு. ஒரு கோடு விழுந்துச்சா?"

"பிரேக் பிடிக்கலைங்க. நான் என்ன பண்றது?"

"பிடிக்கலையா, நீ மிதிக்கலையா?"

அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இதில் குற்றவாளி யார்? விசாரித்தால் இரண்டு பேரும் இல்லை!

அந்தக் காலத்து கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சட்டி மாதிரி ஒரு உருளைக்குள் லைனிங் ஒட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள். மிதித்தால் அவை விரிந்து சட்டியை உள்ளிருந்து அழுத்தும். சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில் போனால் அந்தச் சட்டிக்குள் தண்ணீர் போய்விடும். லைனிங் நனைந்தால் வழுக்கும். எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இப்போது வரும் கார்களுக்கு முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். தண்ணீர் பட்டாலும் உடனே உதறிவிடும். மாருதியில் பழகிய காலுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

பழைய டிரைவர்கள் தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டுவார்கள். சூட்டில் லைனிங் காய்ந்துவிடும். மாமனாருக்கு இது தெரிந்திருக்கும். மருமகளுக்கு யாரும் சொல்லவில்லை. சாவியை ஆணியில் மாட்டினார்களே தவிர, இதைச் சொல்லித் தரவில்லை.

தட்டியது ஒரு அங்குலம். உதிர்ந்தது ஒரு முழம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லேசாகத்தான் இடித்திருப்பார்கள். பார்த்தால் மட்கார்டில் ஒரு முழத்துக்குப் பெயிண்டு பெயர்ந்து தொங்கும். "எவ்வளவு வேகமா வந்தே?" என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பமாகிவிடும்.

உண்மை என்னவென்றால், அது பட்டி! பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியின் தகடு உள்ளுக்குள் துருவேறி இற்றுப்போயிருக்கும். வண்டியை விற்றவர் துருவை வெட்டி எடுத்து ஒட்டுப் போடாமல், மேலே கனமாகப் பட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று பெயிண்டு அடித்துத் தலையில் கட்டியிருப்பார். தட்டினால் உதிராமல் என்ன செய்யும்? ஒரு காந்தத்தை எடுத்து அங்கங்கே ஒட்டிப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். மனைவியைத் திட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்தால் பாதி வழக்கு தள்ளுபடி.

பெயிண்டு விஷயமும் லேசுப்பட்டதல்ல. வெயிலில் வெளுத்த பழைய நிறத்துக்குப் பக்கத்தில் புது நிறம் தனியாகத் தெரியும். ஒரு கீறலுக்காகக் கதவு முழுவதும் அடிக்க வேண்டிவரும். கதவு புதிதானதும் பக்கத்து மட்கார்டு கிழடாகத் தெரியும். செலவு இப்படித்தான் வளர்கிறது.

கீறல் போட இடித்தால்தான் ஆயிற்றா? பானட் மேல் வடாம் காயப்போடுவது, பாத்திரம் தேய்க்கும் நாரால் கழுவுவது, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை மறுநாள் துடைக்காமல் விடுவது, உறவினர் கல்யாணத்துக்கு இரவல் கொடுத்து ஜோடனை டேப்பைப் பிய்க்கும்போது பெயிண்டும் சேர்ந்து வருவது... ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. இரவல் கொடுத்தது எந்தப் பக்கத்து உறவு என்பதைப் பொறுத்து சண்டையின் சத்தம் கூடும், குறையும்.

தண்ணீருக்குள் சாவி!

இதெல்லாம் சின்னச் சண்டை. பெரிய சண்டை வெள்ளத்தில் வந்தது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் புரண்டு வந்தது. கரையோரம் எத்தனையோ தெருக்களில் கார்கள் மூழ்கின. மறுபடி 2023 டிசம்பரில் மிச்சாங் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அதே கதை. இடையில் 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல். அன்று ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்திய வண்டிகள் அப்பளமாயின. "அங்க நிறுத்தச் சொன்னது யாரு?" என்ற கேள்வி சில வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

மூழ்கிய வண்டி உடனே செத்துவிடுவதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு நாம்தான் கொல்கிறோம்!

எப்படி? ஏர் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரைத் தட்டினால், மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் என்ஜின் பிளாக்கே உடையும். எடுக்கிறதா என்று சும்மா ஒரு தடவை பார்த்தேன் என்பார்கள். அந்த ஒரு தடவைதான் எமன்.

செய்ய வேண்டியது இதுதான்: முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, மெக்கானிக் வந்து தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றும் வரை சாவி யார் கையிலும் இருக்கக் கூடாது.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, சிலர் சிரித்தார்கள். சூடுபட்ட பூனைகள் அவர்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது உண்மைதான். ஆனால் தெருவில் தண்ணீர் நிற்காமல் செய்திருந்தால் யார் பாலத்துக்குப் போகப் போகிறார்கள்?

இன்சூரன்ஸ் கை விரிக்கும்

"இன்சூரன்ஸ் இருக்குல்ல, ஏன் கத்துறீங்க?" என்று மனைவி கேட்பார். புருஷன் பதில் சொல்ல மாட்டார். ஏனென்றால் பிரிமியத்தை மிச்சம் பிடிக்க "தேர்டு பார்ட்டி" மட்டும் கட்டியிருப்பார். சட்டப்படி அது கட்டாயம். ஆனால் அது எதிராளிக்கு ஏற்படும் நஷ்டத்துக்குத்தான். சொந்த வண்டிக்கு ஒரு பைசா வராது.

முழு பாலிசி எடுத்தவருக்கும் சிக்கல் உண்டு. நின்ற தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், அது வெள்ள நஷ்டம் அல்ல, உங்கள் செய்கையால் வந்த பின்விளைவு என்று கம்பெனி கை விரிக்கும். இன்னொன்று, ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்ன என்பதைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த வண்டிக்குச் சில ஆயிரம் மதிப்பு போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பில்லும் போட்டோவும் வைத்துக்கொண்டு பாலிசி எடுக்கும்போதே பேச வேண்டும். இடித்த பிறகு பேசிப் பயன் இல்லை.

இங்கேதான் இரண்டாவது குண்டு வெடிக்கும். பில்லைத் தேடும்போது, குரோமியம் பாலீஷுக்கும் என்ஜின் வேலைக்கும் உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பது மனைவிக்குத் தெரிந்துவிடும். பம்பர் ஒடுக்கு அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வண்டி யாருடையது?

ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் பல வீடுகளில் காலமான அப்பா பெயரே இருக்கும். அழிக்க மனசு வரவில்லை என்பார்கள். மனசு வேறு, சட்டம் வேறு. சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் விபத்து நடக்கும் அன்று இழுபறிதான்.

பெண்ணுக்கு அவள் அப்பா கொடுத்த வண்டி என்றால் கதை வேறு. சீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-ல், பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. "என் வண்டியை ஏன் தொட்டே?" என்று கத்துவதற்கு முன், கத்துகிறவர் அது யார் வண்டி என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது.

போலீசுக்குப் போனால்?

கை தவறி இடித்ததற்கு வழக்கு கிடையாது. வேண்டுமென்றே, அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்திருந்தால்தான் சொத்து சேதக் குற்றம். பழைய இ.பி.கோ.வில் 425, 427. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 324-வது பிரிவு.

ஆனால் கோபத்தில் சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை உடைத்தால் கதையே வேறு. "என் வண்டி, நான் உடைப்பேன்" என்ற பேச்சு எடுபடாது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பங்குள்ள சொத்தாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். சேதம் ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. கிடைக்காத கண்ணாடி, கிடைக்காத கிரில் என்று கணக்குப் போட்டால் பழைய காரில் அந்தத் தொகை சீக்கிரம் எட்டிவிடும். காருக்காகக் கை நீட்டினால் அது கார் வழக்கே அல்ல. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையமும் இருக்கிறது.

வைப்பதா, விற்பதா?

சண்டை கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். வைத்திருப்பதும் இப்போது மலிவல்ல. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது.

50 வருடம் தாண்டி, உருமாற்றாமல் வைத்திருக்கும் வண்டிக்கு 2021-ல் ஒரு தனி வழி திறந்தார்கள். "விண்டேஜ்" பதிவு. நம்பரில் "வி.ஏ." என்று எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல், ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். டியூஷன் பிள்ளையை அழைத்துவர எடுக்கக் கூடாது. மாம்பலத்து அம்மாளுக்கு இது சந்தோஷச் செய்தியாகக்கூட இருக்கலாம்!

வைப்பது என்று முடிவானால் இரண்டு பேரும் சேர்ந்தே டிங்கர் ஷெட்டுக்குப் போங்கள். பட்டியைச் சுரண்டி, துரு எவ்வளவு என்று இருவர் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். தகடு வெட்டி ஒட்டுப் போட எவ்வளவு, பெயிண்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விளக்கும் கைப்பிடியும் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு சுற்ற வேண்டும். பழசைக் கழற்றி கையில் எடுத்துப் போனால்தான் சரியான சாமான் கிடைக்கும். போட்டோ காட்டினால் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றைத் தருவார்கள். அது பொருந்தாது. அதற்கு ஒரு சண்டை வரும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நான்கு டிரம்மையும் கழற்றி லைனிங் பார்த்துவிடுங்கள். அதற்கு அரை நாள் வேலைதான்.