மைட்டோகாண்ட்ரியா பிளவுபடும் இடம்

மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குள் ஓயாமல் பிளந்தும் இணைந்தும் உருமாறும் நுண்ணுறுப்பு. பிளவுபடுவதால் அதன் எண்ணிக்கை பெருகுகிறது, பழுதான பகுதி கழிகிறது. இணையும்போது உள்ளிருக்கும் புரதங்களும் டி.என்.ஏ.வும் கலந்து, ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. இவை நடக்கும் இடத்தைப் பெரும்பாலும் முடிவு செய்பவை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிற நுண்ணுறுப்புகளே.

பிளவுக்கு முதன்மைக் கருவி டி.ஆர்.பி.1 என்னும் புரதம். அதன் மூலக்கூறுகள் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளையமாகக் கோத்துக்கொண்டு, சுருக்குக் கயிறு போல இறுகுகின்றன. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் அந்த வளையத்துக்குள் அடங்காது. முதலில் அதை ஒடுக்குவது எது? 2011இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜியா வோல்ட்ஸ் குழுவினர் ஈஸ்ட் செல்களிலும் பாலூட்டி செல்களிலும் இதற்கு விடை கண்டனர். எண்டோபிளாச வலைப்பின்னல் என்னும் நுண்ணுறுப்பின் குழல்கள் மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்கே சுற்றிக்கொள்கின்றன. அங்கே ஒடுக்கம் விழுகிறது. டி.ஆர்.பி.1 குறைக்கப்பட்ட செல்களிலும் அந்த ஒடுக்கம் காணப்பட்டது. வலைப்பின்னலின் சவ்வுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக்கும் இடையே 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளிதான். வலைப்பின்னலில் அமர்ந்த ஐ.என்.எஃப்.2 புரதம் அங்கே ஆக்டின் இழைகளை வளர்த்து ஒடுக்கத்துக்கு உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் இடங்களும் இந்தத் தொடுகைகளை ஒட்டியே அமைவதாக 2016இல் தெரியவந்தது. பிளவுக்குப் பின் இரு பகுதிக்கும் டி.என்.ஏ. கிடைக்க இது வழிசெய்கிறது.

செல்லின் கழிவைச் சிதைக்கும் லைசோசோமும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுகிறது. ஆர்.ஏ.பி.7 புரதம் ஜி.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறுடன் பிணைந்திருக்கும்வரை அந்தத் தொடுகை நீடிக்கும், ஜி.டி.பி. சிதைந்ததும் விலகும். 2021இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவின் நடுப்பகுதியில் நிகழும் பிளவு பெருக்கத்துக்கானது. அங்கே எண்டோபிளாச வலைப்பின்னலும் ஆக்டினும் செயல்படுகின்றன. நுனிக்கு அருகே நிகழும் பிளவுக்கு முன் லைசோசோம் வந்து தொடுகிறது. பிரியும் சிறு துண்டில் சவ்வு மின்னழுத்தம் குறைந்திருக்கும், அது அழிக்கப்படும். பிளவின் கடைசிக் கட்டத்தில் கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகளும் பங்கேற்கின்றன.

இணைவில் வெளிச்சவ்வை எம்.எஃப்.என்.1, எம்.எஃப்.என்.2 புரதங்களும், உட்சவ்வை ஓ.பி.ஏ.1 புரதமும் ஒட்டவைக்கின்றன. எம்.எஃப்.என்.2 எண்டோபிளாச வலைப்பின்னலிலும் காணப்படுகிறது. வலைப்பின்னலையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துப் பிடிப்பதில் அதன் பங்கு இன்னும் விவாதத்தில் உள்ளது. இணைவும் வலைப்பின்னல் தொடும் இடங்களிலேயே பெரிதும் நிகழ்வதாகவும், பிளவுக் கருவியும் இணைவுக் கருவியும் ஒரே இடத்தில் கூடுவதாகவும் 2020இல் வோல்ட்ஸ் குழுவினர் காட்டினர்.

எம்.எஃப்.என்.2, ஆர்.ஏ.பி.7, ஐ.என்.எஃப்.2 ஆகியவற்றின் மரபணுக்களில் ஏற்படும் பிறழ்வுகள் சார்கோ-மாரி-டூத் என்னும் நரம்பு நோயின் வெவ்வேறு வகைகளை உண்டாக்குகின்றன. இந்நோயில் நீண்ட நரம்புகள் முதலில் நலிவதால் பாதங்களும் கால்களும் முன்னதாக வலுவிழக்கின்றன. ஓ.பி.ஏ.1 மரபணுவின் பிறழ்வு பார்வை நரம்பைத் தேயச்செய்கிறது.