தரையை மாற்றினார்கள், தோற்றுப்போனோம்!

1975-ஆம் ஆண்டு மார்ச் 15. மலேசியத் தலைநகர் கோலாலம்பூர். மெர்டேக்கா மைதானத்தில் உலகக் கோப்பை ஹாக்கியின் இறுதிப் பந்தயம். ஒரு பக்கம் இந்தியா, மறு பக்கம் பாகிஸ்தான்.

முதல் கோலைப் போட்டது பாகிஸ்தான். இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கார்னர் ஒன்றில் சுர்ஜித் சிங் ஓங்கி அடித்தார், கணக்கு நேரானது. அடுத்து அசோக் குமார் அடித்தார். ஹாக்கி மேதை தியான் சந்தின் மகன் அவர். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை என்று வாதாடினார்கள் பாகிஸ்தான் வீரர்கள். கோல்தான் என்று தீர்ப்புச் சொன்னார் மலேசிய நடுவர் விஜயநாதன். இரண்டுக்கு ஒன்று. உலகக் கோப்பை இந்தியாவுக்கு!

பதினாறு மாதங்கள் சென்றன. 1976 ஜூலை மாதம், கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் பந்தயம். அதே தலைவர் அஜித்பால் சிங். ஆட்டக்காரர்களிலும் பெரும்பாலோர் பழையவர்களே. உலக வெற்றி வீரர்களாகப் போனவர்கள், ஏழாவது இடத்தைப் பெற்றுத் திரும்பினார்கள். 1928-இல் தொடங்கி ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் கண்ட நாடு, முதல் தடவையாக வெறுங்கையுடன் வந்தது.

கேட்கிறோம்: பதினாறு மாதத்தில் கைகள் மரத்துப் போயினவா? ஆட்டம் மறந்துவிட்டதா?

இல்லை தோழர்களே. காலுக்குக் கீழே தரை மாறிவிட்டது!

அதுவரை ஹாக்கி புல்தரையில் ஆடப்பட்டது. புல்லில் பந்து சற்றே துள்ளும், வேகம் குறையும், திசை மாறும். அதை அடக்கி ஆளுவதுதான் வித்தை. மணிக்கட்டைத் திருப்பி, எதிரியை ஏமாற்றி, கோலோடு ஒட்டியபடி பந்தைக் கொண்டு செல்லும் அந்தக் கைத்திறனில் இந்தியரும் பாகிஸ்தானியரும் வல்லவர்கள். மாண்ட்ரியலிலோ செயற்கை விரிப்பைப் போட்டார்கள். ஒலிம்பிக் ஹாக்கியில் அதுவே முதல் தடவை. விரிப்பில் பந்து நேராக ஓடும், விரைந்து ஓடும். அங்கே கைத்திறனைவிட ஓட்டமும் உடல் பலமும் ஓங்கி நிற்கும்.

இந்த விரிப்பு வந்த வரலாறு தெரியுமா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட பெரிய மைதானம் ஒன்றைக் கட்டினார்கள். கூரைக்குள் புல் வளரவில்லை. புல் வளராத இடத்துக்காக மான்சாண்டோ கம்பெனியின் நைலான் புல்லை 1966-இல் விரித்தார்கள். பணக்கார நாட்டின் கூரைக் கோளாறுக்குக் கண்ட மருந்து அது. பத்தே ஆண்டில் அது ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தரையாயிற்று. புல் நன்றாக வளரும் நாடுகளும் அதைத்தான் விரித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது!

விரிப்பு வாங்கப் பெரும் பணம் வேண்டும். வாங்கினால் போதுமா? ஆட்டத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைத் தெளித்து நனைக்கும் விரிப்பே உலகப் பந்தயங்களின் வழக்கமாயிற்று. சில ஆண்டுகள் சென்றால் தேய்ந்துவிடும். மறுபடி வாங்க வேண்டும். ஹாலந்திலும் ஜெர்மனியிலும் கிளப்புக்குக் கிளப் விரித்தார்கள். 1976-இல் இந்தியாவில் அப்படி ஒரு களம்கூட இல்லை.

ஆயுள் முழுவதும் கைத்தறியில் நெய்த ஒருவரைத் திடீரென்று ஒருநாள் விசைத்தறி முன் நிறுத்தி, "ஓட்டு பார்க்கலாம்" என்கிறார்கள். அவர் தடுமாறினால், "உனக்கு நெய்யவே தெரியவில்லை" என்கிறார்கள். தொழிலாளத் தோழர்களே, இந்த அநியாயம் உங்களுக்குப் புரியாததா? மைதானத்தில் நடந்ததும் அதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் விரிப்பின் மீது போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே மாண்ட்ரியலில், அதே விரிப்பில், பாகிஸ்தான் வெண்கலம் பெற்றது. 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸில் தங்கமே வென்றது. இந்தியாவும் 1980-இல் மாஸ்கோவில், தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், செயற்கைத் தரையிலேயே தங்கம் வென்றது. பலம் வாய்ந்த பல நாடுகள் அங்கே வரவில்லை என்பதும் உண்மை. ஆக, தரை மாறினாலும் பழகிக்கொள்ள முடியும். பழகுவதற்குக் களம் வேண்டும். களம் தரவேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

நாற்காலிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்! 1975 வெற்றிக்கு முன்பே ஹாக்கிச் சங்கத்துக்குள் பூசல் முற்றியிருந்தது. வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே வழியில்லாத நிலையில், பஞ்சாப் மாநில அரசு முன்வந்து செலவை ஏற்றது. சண்டிகரில் முகாம் நடந்தது. அந்த முகாமில் பயின்றவர்கள்தாம் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். பொதுப்பணம் சரியான இடத்தில் செலவானால் என்ன விளையும் என்பதற்கு அன்றே கிடைத்த சாட்சி இது. அந்தப் பாடத்தைப் படித்தார்களா? இல்லை. 1986-இல் லண்டனில் உலகக் கோப்பை முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. பன்னிரண்டு நாடுகளில் இந்தியா பன்னிரண்டாவது, பாகிஸ்தான் பதினொன்றாவது! 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இந்தியாவால் முடியவில்லை.

மீண்டும் கோலாலம்பூருக்கு வருவோம். அரை இறுதியில் மலேசியா இரண்டுக்கு ஒன்று என்று முந்தி நிற்கிறது. நேரம் முடியப் போகிறது. இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். தற்காப்பு வீரர் மைக்கேல் கிண்டோவை வெளியே அழைத்து, அஸ்லாம் ஷேர் கானை உள்ளே அனுப்புகிறார்கள். கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அஸ்லாம் அடித்தார், கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார்.

அஸ்லாமின் பெயர் நாடெங்கும் பரவியது, பரவ வேண்டியதுதான். வெளியே வந்த கிண்டோ யார்? ஆதிவாசி. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகாப் பகுதியைச் சேர்ந்தவர். 1972 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கோஷ்டியிலும் இருந்தவர். ரூர்கேலா உருக்காலையில் வேலை பார்த்தவர். அந்த ஊரிலேயே வாழ்ந்து, 2020 டிசம்பரில் மறைந்தார்.

கிண்டோவைத் தந்த அந்த வட்டாரத்தில், ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில், பிள்ளைகள் மூங்கிலை வெட்டிக் கோலாக்கி ஆடுவார்கள். கிராமப் பந்தயங்களில் ஜெயித்தவருக்குப் பரிசு தங்கக் கோப்பை அல்ல, ஓர் ஆட்டுக்கடா! அந்த மாவட்டத்துக்குத் திறமையில் குறைவில்லை, என்றுமே இருந்ததில்லை. குறைந்தது களம்தான்.

அங்கே களம் வந்தது. வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 2018 முதல் ஒடிசா மாநில அரசு இந்திய ஹாக்கி கோஷ்டிக்கான செலவுக்குத் தோள் கொடுத்தது. 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை ஐந்துக்கு நான்கு என்று வென்று, நாற்பத்தோரு ஆண்டு கழித்து ஒலிம்பிக் பதக்கம் பெற்றது இந்தியா. அந்தக் கோஷ்டியில் பிரேந்திர லக்ராவும் அமித் ரோகிதாசும் இருந்தார்கள். இருவரும் சுந்தர்கர் மாவட்டத்துப் பிள்ளைகள்! 2023-இல் உலகக் கோப்பைப் பந்தயமே, கிண்டோ வேலை பார்த்த ரூர்கேலாவுக்கு வந்தது. பிர்சா முண்டாவின் பெயரில் அங்கே புது மைதானம் எழுந்தது. அந்தக் கோப்பையை ஜெர்மனி வென்றது, இந்தியா பின்தங்கியது. ஆனால் 2024-இல் பாரிஸில் மீண்டும் வெண்கலம் வந்தது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன கோவில்பட்டி பல தலைமுறையாக ஹாக்கி ஆடும் ஊர். அங்கே செயற்கைக் களமும் பயிற்சி மையமும் அமைந்தன. அந்த ஊர் மாரீஸ்வரன் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்.

உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது. களம் மட்டும் அவர் வாங்கக்கூடிய பொருள் அல்ல. அதை ஊர்தான் கொடுக்க வேண்டும். அரசுதான் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! பதக்கம் வந்த அன்று பட்டாசு வெடிப்போம். அது நம் உரிமை. மறுநாள் காலையில் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் மனுக் கொண்டு போகும்போது, குடிதண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று எழுதும் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: எங்கள் பிள்ளைகள் ஆட ஒரு களம் வேண்டும்!