பீச்சில் குழந்தையைக் காணோமா? லைஃப்கார்டு என்ன செய்வார், நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

லாங் வீக்கெண்டு வந்தாலே கோவாவுக்கு டிக்கெட் போடுகிறவரா நீங்கள்? கலங்குட், பாகா மாதிரி கூட்டம் மொய்க்கும் கடற்கரையில் ஒரு செல்ஃபி எடுத்து நிமிர்வதற்குள், கூட வந்த அக்கா மகனைக் காணாமல் போகலாம். கோவாவில் 2008 முதல் அரசுக்காகக் கடற்கரைப் பாதுகாப்புப் பணியைச் செய்துவருவது த்ருஷ்டி மரைன் நிறுவனம். அலையில் சிக்கியவர்களை மீட்பதோடு, வழிதவறிய குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பதும் அதன் லைஃப்கார்டுகளின் வேலைதான்.

முதல் கேள்வி: "கடைசியா எங்க பார்த்தீங்க?"

குழந்தை மணலில் இருந்ததா, தண்ணீரில் இருந்ததா என்பதைப் பொறுத்தே தேடல் தொடங்கும். தண்ணீரில் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்றால், அதை நீர் விபத்தாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோலக் கத்திக் கையசைப்பது அரிது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆக்ஸிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடங்கள் போனாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

அதனால், "முதல்ல நாமளே தேடிப் பார்ப்போம், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பதுதான் பெரிய ஆபத்து. ஒருவர் உடனே லைஃப்கார்டு கோபுரத்துக்கு ஓடுங்கள். அடுத்த நிமிடமே குழந்தை ஐஸ்கிரீம் கடையில் கிடைத்தாலும் பரவாயில்லை. ஆனால் கிடைத்ததும் மறக்காமல் லைஃப்கார்டிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கடலில் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

தேடல் எப்படி நடக்க வேண்டும்?

லைஃப்கார்டு ஒருவர் தனியாகக் கோபுரத்தை விட்டுவிட்டு ஓடக்கூடாது. அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கும் மற்றவர்களைப் பார்க்க ஆள் இருக்காது. வயது, உயரம், உடையின் நிறம், பேசும் மொழி ஆகியவற்றை வயர்லெஸ்ஸில் அடுத்தடுத்த கோபுரங்களுக்குச் சொல்வார். கரையோரமாக இரண்டு பக்கமும் ஆள் போக வேண்டும். கழிப்பறை, பார்க்கிங், கடைகளையும் விடக்கூடாது.

வழிதவறிய சிறு குழந்தைகள் பெரும்பாலும் கண்ணைக் கூசும் வெயிலுக்கும் எதிர்க்காற்றுக்கும் முதுகைக் காட்டி, தண்ணீர் ஓரமாகவே நடந்துகொண்டே போவார்கள் என்பது லைஃப்கார்டுகளின் அனுபவம். கொஞ்ச நேரத்தில் வெகு தூரம் போய்விடுவார்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். பதறிப்போய் நீங்களே கடலில் இறங்காதீர்கள். மீட்க வேண்டியவர் இன்னொருவர் கூடிவிடுவார்.

தனியாக நிற்கும் குழந்தையை நீங்கள் பார்த்தால்?

கையைப் பிடித்துக்கொண்டு பீச் முழுக்கப் பெற்றோரைத் தேடி அலைய வேண்டாம். அவர்களும் தேடி வருவார்கள் என்பதால், அங்கேயே சிறிது நேரம் நில்லுங்கள். பிறகு இன்னொருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு கோபுரத்துக்கு அழைத்துப் போங்கள்.

மைக்கில் குழந்தையின் பெயர், உடை எல்லாவற்றையும் அறிவிப்பது தவறு. அதைக் கேட்டு யார் வேண்டுமானாலும் "என் பிள்ளைதான்" என்று வந்து நிற்கலாம். குழந்தையின் விவரத்தை வருபவர்தான் சொல்ல வேண்டும். அடையாள அட்டை, போனில் உள்ள படம், அவரைப் பார்த்ததும் குழந்தை நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே ஒப்படைக்க வேண்டும். இதே காரணத்துக்காக, கண்டெடுத்த குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதையும் தவிருங்கள்.

யாரும் வரவில்லை என்றால்? 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பாதுகாவலரைப் பிரிந்த குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ், குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு போன்ற ஏதாவது ஓர் அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். நல்ல எண்ணத்தில்கூட வீட்டுக்கோ ஹோட்டல் ரூமுக்கோ கூட்டிப் போகக்கூடாது.

காணாமல் போனவர் பெரியவர் என்றால்?

மறதி நோய் உள்ள தாத்தா, குடித்துவிட்டுக் கடல் பக்கம் போன நண்பர் ஆகியோருக்கும் இதே அவசரம்தான். "24 மணி நேரம் கழிச்சுத்தான் புகார் எடுப்பாங்க" என்பது வெறும் கட்டுக்கதை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. உடனே 112-ஐ அழைக்கலாம்.

கிளம்பும் முன்...

- பீச்சில் இறங்கியதும் குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுங்கள்.
- உங்கள் போன் நம்பரைக் கையில் எழுதுங்கள் அல்லது பட்டையாகக் கட்டுங்கள். சென்னை மெரினாவில் காணும் பொங்கலன்று குழந்தைகளுக்குப் போலீஸார் கட்டிவிடுவதும் இதைத்தான்.
- "தொலைஞ்சா அங்க போய் நில்லு" என்று கோபுரத்தைக் காட்டிவையுங்கள்.
- சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.
- "நீ பார்த்துக்குவேன்னு நான் நினைச்சேன்" என்ற பேச்சுக்கே இடம் வைக்காதீர்கள். தண்ணீர் பக்கம் இருக்கும்வரை, குழந்தைக்கு யார் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லி முடிவுசெய்யுங்கள். அந்த நபர் போனைப் பையில் வைத்துவிடட்டும்.