சுறாவின் குருத்தெலும்பில் முளைக்கும் தோல்

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் சுறா அறுப்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலில் கத்தி படும்போது உப்புத்தாளைத் தேய்ப்பது போலக் கரகரக்கும். உள்ளே முள் இருக்காது. உடம்பைத் தாங்குவது முழுக்கக் குருத்தெலும்பு. வெந்துபோன மனிதத் தோலை மீட்கும் மருந்துப் பொருள் ஒன்று அதில்தான் இருக்கிறது.

மேலோட்டமான தீக்காயம் தானாக ஆறிவிடும். மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் சேர்ந்து கருகிவிட்டால், புதுத் தோல் முளைக்க விதை மிஞ்சாது. தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். பாதி உடம்பு வெந்தவருக்கு எங்கிருந்து எடுப்பது?

அமெரிக்காவில் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் பொருளறிவியலாளர் யானிஸ் யானஸும் 1981-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். மாட்டின் கொலாஜன் என்ற புரதத்தோடு சுறாக் குருத்தெலும்பிலிருந்து பிரித்த காண்ட்ராய்டின் என்ற பொருளைச் சேர்த்து, பஞ்சு போலத் துளைகள் நிறைந்த தகடு செய்தார்கள். மேலே சிலிக்கோன் படலம். கொத்தனார் கட்டும் சாரம்தான் இது. செல்களும் ரத்தக்குழாய்களும் துளைகளுக்குள் குடியேறக் குடியேற, சாரம் தானே கரைந்துபோகும். இரண்டு மூன்று வாரத்தில் சிலிக்கோனை உரித்துவிட்டு, மிக மெல்லிய தோலை ஒட்டினால் போதும். மெல்லிசாகச் சீவிய இடம் சீக்கிரம் ஆறும். அங்கேயே மறுபடியும் எடுக்கலாம்.

மீன் தோலே சாரமாவதும் உண்டு. ஐஸ்லாந்தில் காட் மீன் தோலின் செல்களை நீக்கிச் செய்த சாரத்துக்கு 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பிரேசிலின் ஃபோர்டலேசா மருத்துவர்கள் நம் குளத்து ஜிலேபி மீனின் தோலைக் கிருமி நீக்கித் தீக்காயத்தின் மேல் கட்டுகிறார்கள். இது சாரம் அல்ல, வெறும் கட்டுத்தான். ஆனாலும் அடிக்கடி கட்டுப் பிரிக்கும்போது நோயாளி படும் வேதனை குறைகிறதே, அது சின்ன விஷயமா?

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. சென்னை அடையாறில் மாட்டுத் தோல் பதனிடுவதை ஆராயும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே, காயத்துக்கான கொலாஜன் படலங்களையும் உருவாக்கியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்த ‘கோலிடெர்ம்’ என்ற சாரம் 2023-இல் அனுமதி பெற்றது. 10,000 ரூபாய் ஆகும் சிகிச்சைச் செலவு 2,000 ரூபாய்க்கு இறங்கும் என்று அரசு அறிவித்தது.

தூத்துக்குடிக் கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் மீனுக்கும் இதில் இடம் உண்டு. குளிர்கடல் மீனின் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். வெதுவெதுப்பான கடலில் வாழும் மீனுடையது மனித உடம்பின் சூட்டை ஒட்டித் தாக்குப்பிடிக்கும். அதே கரையில், உப்பளத்தில் கால் வெடித்து நிற்கும் தொழிலாளிக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் பாதப்புண் லேசில் ஆறாது. இத்தகைய சிகிச்சை தேவைப்படும் அவருக்கு 2,000 ரூபாயும் பல நாள் கூலி.