வீட்டு வாசலே ஒர்க்‌ஷாப்!

பழைய பியட் காரும், கையில் கிடைத்த கருவிகளும்

ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, ஆண்டாப் ஹில்லிலோ ஒரு சந்து. சந்து முனையில் கறுப்பு–மஞ்சள் டாக்சி ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. வண்டிக்கு அடியில் இருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன.

"என்ன அண்ணாச்சி, நாளைக்கு வண்டி ஓடிருமா?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டுக்காரர் டீ கிளாசை நீட்டுகிறார்.

"ஓடாம என்ன? அந்தப் பதினாலாம் நம்பர் பானாவை இங்கே தாங்க" என்று அடியில் இருந்து குரல் வருகிறது.

பானா என்றால் ஸ்பானர். மும்பையில் பிழைக்க வந்தவர்கள் முதலில் கற்கும் இந்திச் சொற்களில் அதுவும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தக் காட்சி சர்வசாதாரணம். வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கூலி ஒரு பக்கம், நாள் கணக்கில் காத்திருப்பது இன்னொரு பக்கம். ஆகவே, டிரைவரே மெக்கானிக் ஆனார். செகண்ட் ஹாண்டில் கார் வாங்கிய குமாஸ்தாவும் அப்படியே!

குர்லாவில் பிறந்த கார்

அந்தக் காரின் பெயர் பிரீமியர் பத்மினி. இத்தாலியின் பியட் 1100 காரை, உரிமம் பெற்று மும்பை குர்லாவில் உள்ள தொழிற்சாலையில் 1964 முதல் தயாரித்தார்கள். 'பத்மினி' என்ற பெயர் 1970-களில்தான் வந்தது. பெயர் மாறினாலும் மக்கள் வாயில் அது கடைசி வரை 'பியட்'தான்.

1089 சி.சி. என்ஜின், நான்கு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். எந்தப் பாகம் எதற்கு என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வீட்டு வாசலில் வேலை பார்க்க முடிந்ததற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பழைய சாமான். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, அப்படி மும்பைக்குக் குர்லாவும் சோர் பஜாரும். பழைய கியர் பாக்சில் இருந்து ஒற்றை நட்டு வரை அங்கே தேடிப் பிடிக்கலாம்.

கருவிக்குப் பதில் கருவி

ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் கருவிகள் வீட்டில் ஏது? ஒரு செட் ஸ்பானர், திருப்புளி, கொறடு, சுத்தியல், ஒரு ஜாக்கி. அவ்வளவுதான். மற்றதெல்லாம் யோசனை!

டெல்கோவில் உள்ள பாயிண்ட்டுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி வேண்டும். அதை அளக்க 'பீலர் கேஜ்' என்ற தகடு உண்டு. அது இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார்கள். சரியான அளவு அல்ல என்றாலும், வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது போதும்.

கிளட்ச் பிளேட் மாற்றும்போது பிளேட் நடு மையத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கியர் பாக்ஸ் திரும்பச் சேராது. இதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அதற்குப் பதில், துவாரத்துக்கு ஏற்றபடி மரக்கட்டையைச் சீவி நுழைத்தவர்கள் உண்டு. பழைய கியர் பாக்சின் ஷாப்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிரேக்கில் காற்று புகுந்தால், ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் திறந்து மூடுவார். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விட்டால் போதும். குமிழி வருவது நின்றால் காற்று போய்விட்டது என்று பொருள்.

வில் தராசு தந்திரம்

பெரிய வேலை என்றால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதுதான். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா? என்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல் நிறம் மாறிவிட்டதா? ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு உண்டு.

இந்தக் காரின் ஹெட் அலுமினியம். என்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் வளைந்துபோகும். நன்றாக ஆறிய பிறகே கைவைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை நடுவில் இருந்து ஆரம்பித்து, இரு புறமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு பக்கம் முறுக்கினால் புதுக் கேஸ்கட்டும் வீண்.

எவ்வளவு முறுக்குவது? அளந்து முறுக்க 'டார்க் ரெஞ்ச்' வேண்டும். அது இல்லாத இடத்தில் வில் தராசு கைகொடுக்கும். போல்ட்டின் மையத்தில் இருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்பானரின் பிடியில் தராசைக் கோத்து, பிடிக்கு நேர் குறுக்காக இழுக்க வேண்டும். தராசு 10 கிலோ காட்டினால் முறுக்கு 5 கிலோ மீட்டர். தூரத்தையும் எடையையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். எத்தனை தேவை என்பதைக் கம்பெனிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயிருக்கு உலை

எல்லா யோசனையும் நல்ல யோசனை அல்ல. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் நாலு செங்கல்லை அடுக்கி, அதை நம்பி உள்ளே படுப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

காரின் எடை ஏறத்தாழ 900 கிலோ. செங்கல் வளையாது, எச்சரிக்கை இல்லாமல் பிளந்துவிடும். ஜாக்கியும் தூக்கத்தான், தாங்க அல்ல. சந்துத் தரை சரிந்திருந்தால் ஜாக்கி சாய்வதற்கு ஒரு நொடி போதும்.

ஸ்டாண்டு வாங்க முடியாதவர்கள் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மீது வண்டியை இறக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டியின் அடியில் படுக்க வைத்தால், எது சரிந்தாலும் ஆள் நசுங்காமல் தப்ப இடம் இருக்கும்.

முன்சக்கரத்து சுருள் ஸ்பிரிங்கைச் சரியான கருவி இல்லாமல் கழற்றவே கூடாது. அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே தூக்கி எறியும். பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவதும் கூடாது. பீடி நெருப்பு ஒன்று போதும். மூடிய இடத்தில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பிரேக் ஆயில் தீர்ந்தால் என்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளித்தவர்களும் உண்டு. அதில் ரப்பர் வாஷர்கள் உப்பிவிடும். பிறகு பிரேக் பிடிக்காது. அல்லது பிடித்தது விடாது. வண்டியில் இருப்பவர்களும் ரோட்டில் போகிறவர்களும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

எங்கே நிறுத்துவது?

பிளக், பாயிண்ட், கார்பரேட்டர், பேன் பெல்ட், தண்ணீர்க் குழாய் இவையெல்லாம் வீட்டு வேலை. கிளட்ச்சும் ஹெட்டும் அனுபவமும் துணைக்கு ஆளும் இருந்தால் செய்யக்கூடியவை. சிலிண்டர் போரிங், கிராங்க் ஷாப்ட் கடைசல் இரண்டும் லேத்துக்குப் போக வேண்டியவை. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள என்ஜினை மூங்கிலில் கயிறு கட்டித் தூக்குவதைவிட, செயின் பிளாக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது லாபம். கை போனால் வண்டி இருந்தும் பயன் இல்லை.

பத்மினி உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. 2003-ல் பதிவான கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபர் 30-ந் தேதியோடு விடைபெற்றது. இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

ஆனாலும், பழைய காரை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பானரை எடுக்கிறார்கள். அவர்களும் அடியில் நுழையும் முன்பு வண்டியைக் கையால் ஒருமுறை பலமாக அசைத்துப் பார்ப்பது நல்லது. அசைந்தால் உள்ளே போக வேண்டாம். வீட்டுக்குள் சாப்பாட்டோடு காத்திருப்பவர்களுக்கு வண்டியைவிட ஆள்தான் முக்கியம்.