‘திக்கற்ற பார்வதி’: படைப்பாளியின் பழியும் தழுவலின் சுவையும்

படைப்பாளியின் பெயர் பழிக்கு உள்ளான பின்பும் அவர் படைப்பின் தழுவலைச் சுவைத்தல் தகுமா என்னும் வினா, அண்மைக்காலத்தில் மேலைநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களை முன்னிட்டு மிகுதியாக எழுப்பப்படுகிறது. அங்கு எழுத்தாளரின் தனிவாழ்க்கை நடத்தையே பெரும்பாலும் வழக்குப்பொருள். பழி அரசியல் வழியே வந்து சேர்ந்ததற்குத் தமிழில் தக்க சான்று உண்டு. இராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’யும், அதனைத் தழுவிச் சிங்கீதம் சீனிவாசராவ் 1974இல் இயக்கிய திரைப்படமும் அத்தகையன.

இக்கதைக்கும் ஒசூர்ப் பகுதிக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. மத்திகிரி அமைந்துள்ள ஒசூர் வட்டத்திலேயே, தொரப்பள்ளியில், 1878இல் இராஜாஜி பிறந்தார். திரைப்படமும் அவ்வூரிலேயே படமாக்கப்பட்டது. 1937இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக அவர் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது, ஒசூரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை நடத்தியவர் அவர். குடியால் ஓர் உழவர் குடும்பம் கடனிலும் அவமானத்திலும் சிதைவதைக் கூறும் இக்கதை அப்பரப்புரை மரபைச் சார்ந்தது.

அவர் மீதான பழியும் இதே பொதுவாழ்வில் விளைந்ததே. இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய 1938ஆம் ஆண்டு ஆணையும், அதனை எதிர்த்துச் சிறைசென்ற நடராசன், தாளமுத்து ஆகியோரின் 1939ஆம் ஆண்டு இறப்பும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. 1953இல் அவர் அரசு கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம் அதனினும் ஆழமான வடு. ஊர்ப்புறப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்றது அத்திட்டம். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர், பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

கதை வேறு, ஆட்சி வேறு எனப் பிரித்து இச்சிக்கலைக் கடந்துவிடுவது எளிது. பனுவல் அதற்கு இடந்தருவதில்லை. கதையில் இரங்கும் குரலும் திட்டத்தில் ஆணையிடும் குரலும் ஒன்றே; சிற்றூர் மக்களுக்கு எது நன்று என்பதை மேலிருந்து அறிந்து சொல்லும் குரல் அது. கருப்பன் குடிக்கக் கூடாது. கருப்பனைப் போன்றோரின் பிள்ளைகள் தந்தையின் தொழிலை விட்டு விலகக் கூடாது. முன்னதில் அருளாகத் தோன்றுவது பின்னதில் தடையாகிறது.

தழுவல் இவ்விடத்திலேயே வேறுபடுகிறது. திரைப்படத்தில் அறிவுரைக் குரல் பின்வாங்கிவிடுகிறது. பார்வதியாக இலட்சுமியும் கருப்பனாக ஸ்ரீகாந்தும் நடித்துள்ளனர். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்துள்ளார். எழுத்தில் மதுவின் தீமைக்குச் சான்றாக நிற்பவள், திரையில் தன் துயரை உடைய ஒரு பெண்ணாகவே நிற்கிறாள். தமிழில் சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்ற அப்படைப்பு பலர் கைப்பட்டது. அதனைச் சுவைப்பவர் 1953ஆம் ஆண்டுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தவராகிவிடார். இசுரேலில் வாக்னரின் இசையை மேடையேற்றுதல் இன்றும் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. கேட்போரின் துயர நினைவே அங்கு அளவுகோல். தமிழிலோ விலக்கு இல்லை, மௌனமே உண்டு. காந்திய இலக்கியம் பேசுவோர் பெரும்பாலும் திட்டத்தைத் தொடுவதில்லை. திட்டத்தைப் பேசுவோர் கதையைப் படிப்பதில்லை. ஆய்வுக்கு இவ்விரண்டும் இழப்பே.

படம் வெளிவந்த காலமும் கருதத்தக்கது. இராஜாஜி 1972இல் மறைந்தார். 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஒசூரில் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் வாயிலில் உழவர் பிள்ளைகள் ஐ.டி.ஐ. சான்றிதழுடன் நின்றனர், அரைநாள் பள்ளியும் தந்தையின் ஏரும் அச்சான்றிதழைத் தந்திரா. மதுவோ எல்லை தாண்டிக் கர்நாடகப் பொட்டலங்களாக இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மத்திகிரியில் இப்படத்தைக் காண்பவருக்கு, கதையாசிரியரின் அச்சம் மெய்யானதும் அவர் திட்டம் பொய்யானதும் ஒரே தெருவில் தென்படும்.